சாக்ஸபோன்காரருக்கு விதைப்பூண்டு

எனக்குக் காய்ச்சல் வந்ததற்காக மகாதேவி இன்றுவரை சாமிக்கு நன்றி சொல்கிறாள். அதையும் என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள்.

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இரண்டு அறைகளில் நடக்கிறது எங்கள் சமுதாய வானொலி. ஒன்றில் ஒலிபரப்பு. இன்னொன்றில் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான நான், கந்தவேல், எம்.ஏ. மகாதேவி எட்டாம் வகுப்பு. அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து இந்த மலையில் கூலி வேலைக்கு நின்றவர்கள். அவளும் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவள்தான். பத்து வருடத்துக்கு முன்னால் எங்கள் வானொலியில் ஒரு நிபுணர் உருளைக்கிழங்கு நோய் பற்றிப் பேசியபோது போன் போட்டாள். "மழை விழுற நேரத்துல மருந்தடிக்கச் சொல்றீங்களே, கரைஞ்சு ஓடிறாதா? சாருக்கு எந்த ஊரு?" நிபுணர் தண்ணீர் கேட்டார். அடுத்த மாதமே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் அவளுடையது. விவசாயிகளைக் கூப்பிட்டுப் பேசுவாள். மலைக்கு மேலே கவுஞ்சிக் கிராமத்துக்காரரிடம் "விளைச்சல் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். களம் நிறைய பூண்டு குவிந்திருந்தாலும் "என்னத்த விளைஞ்சுச்சு" என்பார். கண்ணுபட்டுவிடும் என்ற பயம். அதனால் மகாதேவி எடுத்த எடுப்பிலேயே "இந்த வருசம் எதெல்லாம் கெட்டுப்போச்சு?" என்று கேட்பாள். மனுஷன் மடை திறந்ததுபோலக் கொட்டுவார். இப்படி நஷ்டத்தைச் சொன்னவருக்கு, வானொலியில் கேட்டவர்கள் ஆளுக்கொரு கை விதை கொடுத்து அனுப்புவது எப்படியோ வழக்கமாகிவிட்டது.

எங்கள் வானொலிக் குழுத் தலைவர் வீரையாவுக்கு இது பிடிக்கவில்லை. "டவுன்காரங்க ஒருத்தரும் கேக்கலை. நாலு வாரம் அந்த நேரத்துல புதுசா ஏதாச்சும் போடுங்க. அதுக்கும் போன் வரலைன்னா சினிமாப் பாட்டு" என்றார். மகாதேவிக்கு வேறு நிகழ்ச்சி கிடையாது. அந்த ஒரு மணி நேரம் போனால் மறுபடியும் கேரட் காடுதான்.

புதுசுக்கு நான் பொறுப்பேற்றேன். ஊர் உலகமெல்லாம் வாசித்துவிட்டுக் கொடைக்கானல் குளிருக்கு வந்து தங்கிவிட்ட ஜாஸ் கலைஞர்கள் நான்கு பேர் இருந்தார்கள். இரண்டு வாரம் இணையத்தில் படித்து இருபத்து நான்கு கேள்வி எழுதினேன். பியானோக்காரரிடம் "உங்கள் மகத்தான சாதனை எது?" என்றேன். "அப்படி ஒண்ணும் இல்லையே" என்றார். டிரம்ஸ்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாமவர் பன்னிரண்டாம் கேள்வியில் தூங்கிப்போனார். மூன்று வாரத்தில் வந்தது ஒரே ஒரு போன். "ஏங்க, ரேடியோ ரிப்பேரா? பேச்சு நின்னு நின்னு வருது."

"பயமா இருக்கு சார்" என்றாள் மகாதேவி. "பொறுமை வேணும்" என்று புத்தி சொன்னேன். வேலை போகப்போவது எனக்கு இல்லையே.

நான்காவது வாரம் காய்ச்சலில் என் தொண்டை கட்டிவிட்டது. வந்திருந்தவர் டெரிக் ரொசாரியோ, சாக்ஸபோன். மதுரை ரயில்வே காலனியில் பிறந்து பாரிஸ்வரை போய் விருது வாங்கியவர், வயது எழுபத்தெட்டு. மகாதேவியிடம் என் கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தேன். மேசை ஆடியது. அவள் என் தாளை நாலாக மடித்து மேசைக்காலுக்கு அடியில் வைத்தாள்.

"கதைக்கலாமா ஐயா? இத்தனை வருசத்துல எதெல்லாம் கெட்டுப்போச்சு?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். டெரிக் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இத எவனும் கேட்டதில்லம்மா!"

பம்பாயில் கூப்பிட்ட கல்யாணத்தை விட்டு வேறு யாருடைய கல்யாணத்திலோ போய் ஒரு மணி நேரம் வாசித்து, சாப்பிட்டும் வந்தது. இவர் ஒரு துறைமுகத்தில் இறங்க, சாக்ஸபோன் இன்னொரு துறைமுகத்துக்குப் போனது. பாரிஸில் தம் பிடித்து ஊதியபோது பல்செட் பறந்துபோய் முன்வரிசை அம்மாள் மடியில் விழுந்தது. எல்லாம் சொன்னார். கடைசியில் குரல் இறங்கியது.

"நாலு வருசமா மூச்சு பத்தலைம்மா. பெட்டி மூடியே கெடக்கு. தொறக்கப் பயமா இருக்கு."

நானாக இருந்தால் "வருந்துகிறோம்" என்றிருப்பேன். அவள் எல்லா விவசாயியிடமும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"சரி, போனது போச்சு. அடுத்த போகம் என்ன போடப்போறீங்க?"

"தெரியலம்மா" என்றார். நேரம் முடிந்தது.

போன் ஒன்றுகூட வரவில்லை. மகாதேவி சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை சினிமாப் பாட்டுக்கு உத்தரவு போட வீரையா வந்தார். ஆனால் அவரால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கவுஞ்சியிலிருந்து மூக்கம்மா தலைமையில் எட்டுப் பேர் மூட்டைகளோடு வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வெள்ளனே பஸ் ஏறி வந்துட்டோம். பாவம், அந்த ஊதுற அண்ணனுக்கு எல்லாம் போச்சாமே? விதைப்பூண்டு கொண்டாந்திருக்கோம். வெரசா ஆளக் கூப்பிடுங்க."

"போன் போட்டுச் சொல்லக்கூடாதா?" என்றேன்.

"நட்டப்பட்டவனுக்குப் போன்லயா குடுக்க முடியும்?" என்று மூக்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குள் ஏரிப் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் ரோஜாப் பதியனோடும், பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் பீன்ஸ் விதையோடும் வந்து வரிசையில் நின்றார்கள். டவுன்காரர்கள்! வீரையா தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மகாதேவியைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

சொல்லி அனுப்பியதும் டெரிக் வந்தார். "நான் ஊதுறவன்மா. எனக்கு எதுக்குப் பூண்டு?"

"ஊதுனா என்ன, உழுதா என்ன, அடுத்த போகம் போடணும்ல?" என்றாள் மூக்கம்மா.

கிழவர் கண் கலங்கிவிட்டது. "மெடல் நிறையக் குடுத்தாங்க. எனக்கு இன்னொரு போகம் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலை" என்றார்.

வீரையா ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து, "அந்த ஒரு மணி நேரம் இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார். மகாதேவி அப்போதுதான் அழுதாள்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் போன் டெரிக்.

"மகாதேவி, வீட்டுக்குப் பின்னாடி போட்ட பூண்டு போச்சும்மா. காட்டுமாடு புகுந்து மிதிச்சிருச்சு."

"ஒண்ணும் மிஞ்சலையா?"

"ரெண்டு பாத்தி மிஞ்சுச்சு. தட்டத் தட்டிப் பாத்தேன், மாடு அசையல. வேற வழியில்லாம பெட்டியத் தொறந்து..." மூச்சு வாங்கினார். "மூணு நிமிசம் ஊதினேன்மா. ஓடிப்போச்சு."

மகாதேவி மைக்கை விட்டுத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து கையைக் காட்டினேன். வானொலியில் மௌனம் கூடாது. அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"இன்னைக்கு ஓடுனாலும் நாளைக்கு மறுபடி வரும் ஐயா" என்றாள். "பெட்டிய மூடிறாதீங்க."