இரண்டு மடங்கும் பாதி வெட்டும்

சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கஞ்சி போட்ட விரிப்பு அப்படி விறைப்பாக நிற்கும் என்பது நேரே சொல்லும் காரணம். முதுகுக்குப் பின்னால் சொல்லும் காரணம் அவள் முகம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு அப்பாவின் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தவள், கல்யாணம் கில்யாணம் என்று வெளியே போகவில்லை. கூடத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையிலேயே குடியிருந்தாள். அப்பா போனபின் தொழிலில் அண்ணனுக்குப் பாதி, அவளுக்குப் பாதி; இடம் மட்டும் அண்ணன் பேரில். வேலை முழுக்க அவளுக்கு, பணப்பெட்டி முழுக்க அவனுக்கு. இது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள், பல வீடுகளில் இதுதான் நியாயம்.

வருஷம் முடிகிற சமயத்தில் ஒருநாள் இருவரும் மாடி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து அடுத்த வருஷத்துக்கு பட்ஜெட் போடுவார்கள். பட்ஜெட் என்பது பெயர்தான், நடப்பது சண்டை. சோப்புக்கு இவ்வளவு, பாய்லர் எண்ணெய்க்கு இவ்வளவு, மெஷின் பழுதுக்கு இவ்வளவு என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். அண்ணன் கடைசிவரை கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து எல்லாவற்றையும் பாதியாக வெட்டுவான். ஏன் பாதி என்று அவனுக்கே தெரியாது. முழுசாகக் கொடுத்துவிட்டால் ஏமாளி ஆகிவிடுவோமோ என்று பயம். அதைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொன்னால் கோபம் வேறு வரும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் வருஷம் உள்ளதைச் சொல்லி, கிடைத்த பாதியில் சோப்புக்குத் திண்டாடினாள். அடுத்த வருஷத்திலிருந்து எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் சொன்னாள். அவன் வெட்டினான், தேவையானது கைக்கு வந்தது. கொடாக்கண்டனுக்கு விடாக்கண்டன். மற்ற நாட்களில் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பாய்லர்காரர்தான் மாடிக்கும் கீழுக்குமாகச் சேதி சுமப்பார்.

இந்த வருஷமும் அவள் ஒப்பித்து, ஒரு பைசா கூட்டவில்லை என்று வழக்கம்போல முடித்தாள். அண்ணன் பேனாவைத் தொடவில்லை.

"சரி, நீ சொன்னதெல்லாம் அப்படியே ஒத்துக்கறேன்" என்றான்.

இவனாவது, ஒத்துக்கொள்வதாவது.

"ஆனா இதப் பாத்தா வரவை விட செலவுதான் ஜாஸ்தியா இருக்கு. நஷ்டத்துக்கு எதுக்கு ஒரு தொழில்? வித்துடலாம். காருங்க நிறுத்தறதுக்கு ஒருத்தர் இடம் கேக்கறார். இத நான் சொல்லல, உன் கணக்குதான் சொல்லுது."

எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தானோ, பாவி. கீழே துணி பிழியும் மெஷின் ஓடுகிற அதிர்வு அவள் உள்ளங்காலில் ஏறியது. இடத்தை விற்றால் அவளுக்கு வேலையும் இல்லை, படுக்க அந்த அறையும் இல்லை. இஸ்திரி மேஜைகளில் நிற்கும் பெண்கள் அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள். தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டோம் என்று அவளுக்குப் புரிந்தது. தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போவதற்கு, இவன் முன்னால் தலை குனிய வேண்டும்.

"கூட்டிச் சொன்னேன்" என்றாள்.

"என்னது?" நன்றாகத்தான் கேட்டிருந்தது. இன்னொரு தரம் கேட்க ஆசை.

"எல்லாத்தையும் ரெண்டு மடங்கா சொன்னேன். நீ பாதிய வெட்டுவன்னு தெரியும். நெஜச் செலவு இதுல பாதிதான். லாபம்தான் வருது. விக்க வேண்டியதில்ல."

"அப்படி வா வழிக்கு. கூடப் பொறந்தவன்கிட்டயே இத்தன வருஷமா பொய்."

"நீ வெட்டாம இருந்தா நான் ஏன் கூட்டப்போறேன்?"

"நீ கூட்டாம இருந்தா நான் ஏன் வெட்டப்போறேன்?"

முதல் வருஷத்தை அவன் மறந்துவிட்டான். வெட்டினவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? அவள் வாதாடவில்லை. அவன் பேனாவை எடுத்து, அவள் சொன்ன பாதித் தொகைகளை நிதானமாக எழுதினான். விற்கிற பேச்சை அதோடு விட்டான். அவனுக்கு வேண்டியது அவள் தலைகுனிவுதான், அது கிடைத்துவிட்டது. கூடம் தப்பித்தது. அவள் எழுந்தாள்.

ஜெயித்தவன் சும்மா இருந்திருக்கலாம். அவனுக்கு நாக்கு அரித்தது.

"எல்லா விஷயத்துலயும் இதே வேலைதானா உனக்கு? அம்மாவுக்கு ஆபரேஷன்னு வந்து கேட்டியே, அதுவும் ரெண்டு மடங்குதானா? நல்லவேளை, அப்பவும் நான் பாதிதான் கொடுத்தேன்."

கதவுப்பிடியில் வைத்த கையை அவள் எடுத்துவிட்டாள்.

"அதுல நான் கூட்டல."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஆஸ்பத்திரியில கேட்டதத்தான் உன்கிட்ட கேட்டேன். மீதிய நான் கடன் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நாள் கடந்துபோச்சு. இனிமே பண்ணி பிரயோஜனமில்லன்னு சொல்லிட்டாங்க. அம்மா போய்ட்டாங்க."

"அத அப்பவே என்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"சொன்னேன். இதுல ஒரு பைசா கூட்டலன்னு இதே எடத்துல நின்னு சொன்னேன். வருஷா வருஷம் இதத்தானே சொல்றன்னு சொன்ன. அதுதான் உன் பதில்."

அப்படிச் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தான். அவனுக்கு ஏதோ சொல்ல இருந்தது. அதைக் கேட்க அவளுக்கு மனசில்லை. படியிறங்கிப் போனாள். வருஷா வருஷம் பொய் சொல்லி அவனை அப்படிப் பழக்கியது தான்தான் என்பது அம்மா போன நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துத்தான் அவனை வெறுத்தாள்.