இருநூற்றுப் பதினான்கு இடத்தில் நீலம்

அம்மா பதினான்கு வருஷம் ஒரே ஃபைலில் வேலை செய்தாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இணையதளம். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவது, ரிப்போர்ட் பார்ப்பது எல்லாம் அதில்தான். பக்கம் என்ன நிறம், எழுத்து எவ்வளவு பெரிது, பட்டனுக்கும் பட்டனுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் சொல்லும் ஸ்டைல் ஃபைல் அவள் பொறுப்பு. ஒன்பதாயிரம் வரி.

அந்த ஆபீசில் ஒரு பழக்கம் இருந்தது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் மேலே இருப்பதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கே தொட்டால் எங்கே உடையும் என்று ஒருவருக்கும் தெரியாது. நேராகக் கடைசி வரிக்குப் போய், அதற்கும் கீழே புதிதாக எழுதுவார்கள். கீழே எழுதியது மேலே எழுதியதை அடக்கிவிடும். அப்படிக் கீழே கீழே போய்த்தான் ஃபைல் அந்த நீளத்துக்கு வளர்ந்தது. ஆஸ்பத்திரியின் நீலம் மட்டும் இருநூற்றுப் பதினான்கு இடத்தில் இருந்தது. அதிலும் மூன்று விதமான நீலம். "இன்னொரு நீலம் வந்தா பேஷண்ட்டுக்கு இல்ல, நமக்குத்தான் அட்மிஷன்" என்பாள் அம்மா.

ப்ரீபிராசசர் என்ற பேச்சை அங்கே முதலில் எடுத்தவள் அவள்தான். அது ஒரு கருவி. நீலத்துக்கு ஒரு பெயர் வைத்து ஒரே இடத்தில் எழுதிவிடலாம். பெரிய ஃபைலைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக்கொள்ளலாம். கருவி அவற்றையெல்லாம் படித்து, பிரவுசருக்குப் புரிகிற மாதிரி ஒரே ஃபைலாகத் தானே எழுதித் தந்துவிடும். அம்மா மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு ஆபீசில் 'நாளைக்கு' என்று பெயர்.

"நல்லா ஓடிட்டு இருக்கறதுல எதுக்கும்மா கை வைக்கறீங்க? நாளைக்குப் பார்க்கலாம்."

அந்த நாளை வர ஆறு வருஷம் ஆனது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். எல்லாரும் 'புதுசு' என்றே கூப்பிட்டார்கள். சேர்ந்த இரண்டாவது வாரம், கூட்டத்தில் எழுந்து அம்மா சொன்னதையே சொன்னார்.

"பிரமாதம். இந்த மாதிரி ஐடியாதான் நமக்கு வேணும்" என்றார் 'நாளைக்கு'.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, தளத்தைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தாள். "நீ சொன்னதுதானே இது? வாயைத் திறயேன்."

"யார் சொன்னா என்ன, வந்தா சரி."

அது பொய். அன்று மாலை மகளிடம் ஃபோனில் பொரிந்து தள்ளினாள். "நான் சொன்னப்போ அந்த ஆளுக்குக் காது கேட்கலடி. இப்போ கேட்குது." மகளும் மென்பொருள் வேலைதான், வேறு ஊரில்.

'நாளைக்கு' ஓர் ஏற்பாடு சொன்னார். நேரம் பதிவு செய்யும் பக்கத்தை மட்டும் புது முறைக்கு மாற்றிப் பார்ப்பது. அதை அம்மா செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்குத் திருப்தி என்றால் தளம் முழுவதையும் மாற்றலாம்; அந்த வேலைக்கு அம்மாதான் லீட். அவளுக்குப் பின்னால் சேர்ந்த நான்கு பேர் வெவ்வேறு பிரிவுகளில் லீட் ஆகியிருந்தார்கள். அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பதவி அவளுக்கு வேண்டியிருந்தது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் முடித்தாள். பக்கம் தளத்தில் ஏறியது. "ஒரே வரிடி" என்றாள் மகளிடம். "அந்த ஒண்ணை மாத்தினா பக்கம் முழுக்க மாறுது. சின்னப் பிள்ளை மாதிரி பத்து தடவை மாத்தி மாத்திப் பார்த்தேன்."

காட்ட வேண்டிய நாள் திங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஆஸ்பத்திரி வரவேற்பிலிருந்து ஃபோன் வந்தது. சின்ன ஃபோன்களில் 'பதிவு செய்' பட்டன் பாதி மறைந்துபோகிறதாம்.

"வயசானவங்க நாலு பேர் நேர்லயே வந்து நிக்கறாங்க மேடம். அதுல ஒருத்தர் என்னைத் திட்டிட்டு இருக்கார்."

"ரெண்டு நிமிஷம் அவரைத் திட்ட விடுங்க."

பதினான்கு வருஷமாகச் செய்ததையே அம்மா செய்தாள். சர்வரில் இருந்த ஸ்டைல் ஃபைலைத் திறந்தாள். கடைசி வரிக்குப் போனாள். அதற்குக் கீழே மூன்று வரி எழுதினாள். பட்டன் மேலே வந்தது. வரவேற்புப் பெண் நன்றி சொல்லி ஃபோனை வைத்தாள்.

ஆனால் அது இப்போது கருவி எழுதித் தந்த ஃபைல். கருவியை அடுத்த முறை ஓட்டும்போது அதை முதலிலிருந்து மறுபடி எழுதும். கையால் சேர்த்தது எதுவும் மிஞ்சாது. இது அம்மாவுக்குத் தெரியாததல்ல. கை பழைய பழக்கத்தில் போய்விட்டது.

திங்கள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன் புதுசு கருவியை ஒருமுறை ஓட்டினார். அதிகாரி ஒருவர் தன் ஃபோனில் பக்கத்தைத் திறந்தார். விரலால் இரண்டு முறை குத்திப் பார்த்தார்.

"இதை எங்கே அமுக்கறது?"

'நாளைக்கு' அம்மா பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமையே சரி பண்ணிட்டதா சொன்னீங்களே?"

அம்மாவுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. "தப்பான ஃபைல்ல பண்ணிட்டேன் சார்."

"ஆறு வருஷமா கேட்டீங்களே, இதுக்குத்தானா?"

அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

மதியம் அம்மா மகளைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். ஃபைல் வரைக்கும் வருவதற்குள் மகள் சிரித்துவிட்டாள்.

"அம்மா! கருவி கம்பைல் பண்ணித் தந்த ஃபைல்ல போய் யாராவது எழுதுவாங்களா? நேத்து சேர்ந்தவன்கூடப் பண்ண மாட்டான்."

அம்மாவும் சிரித்தாள். "ஆமாண்டி. இத்தனை வயசாகியும் புத்தி வரல பாரு." பிறகு, "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். மீட்டிங் இருக்கும்மா, வைக்கறேன்."

மூன்று மணிக்கு 'நாளைக்கு' அம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"பாருங்கம்மா. இந்தக் கருவி வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். பழைய ஃபைலுக்கே போயிடலாம். அங்கே உங்க ராஜ்ஜியம்தான், யாரும் கிட்ட வர மாட்டாங்க. வேணும்னு சொன்னா எடுத்துக்கலாம். ஆனா லீட் நீங்க இல்ல, நம்ம புதுசு."

"எடுத்துக்கலாம் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. தப்பு என்னோடது. கருவியோடது இல்ல. அந்த மூணு நீலத்தைக் கட்டிட்டு இனியும் யாரும் அழ வேண்டாம்." கதவு வரை போய்த் திரும்பினாள். "கருவி எழுதற ஃபைலோட மேல, இங்கே கையால எழுதாதீங்கன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்லிடறேன்."

புதுசு லீட் ஆனார். அம்மா அவருக்குக் கீழே நான்கு வருஷம் வேலை பார்த்தாள். தளம் முழுவதையும் மாற்றியதில் முக்கால் பங்கு அவள் கை. அதன் பிறகு அவள் மகளிடம் வேலையைப் பற்றிப் பேசவில்லை. ஆபீஸ் எப்படி இருக்கு என்றால், "இருக்கு" என்பாள். மகள் அதற்கு மேல் கேட்டதில்லை. ஐம்பத்தாறு வயதில், ஈரலில் வந்த நோய் எட்டு மாதத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஒரு வாரம் கழித்துப் புதுசு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அன்னிக்கு அக்கா கருவி வேண்டாம்னு சொல்லியிருந்தா என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பாங்க. நான் இன்னும் நிரந்தரம் ஆகல அப்போ."

"அம்மாவுக்கு அது தெரியுமா?"

"தெரியும்." தரையைப் பார்த்தார். "இன்னொண்ணும் இருக்கு. கருவியை ஓட்டறதுக்கு முன்னாடி, சர்வர்ல மூணு வரி அதிகமா இருக்கு, ஓட்டினா போயிடும்னு ஸ்கிரீன்ல காட்டுச்சு. அக்கா எழுதினதுன்னு புரிஞ்சுது. ஓட்டிட்டேன். எனக்கும் அந்த லீட் இடம் வேண்டியிருந்துச்சு."

அவர் டம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் கழிச்சு அக்காகிட்டயே சொன்னேன். 'தெரியும்'னாங்க. அப்புறம் ஒரு லீவு லெட்டரை நீட்டி, இதுல கையெழுத்துப் போடுங்கன்னாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்ககிட்ட அன்னிக்கே எல்லாம் சொல்லியிருப்பாங்களே?"

"சொல்ல வந்தாங்க" என்றாள் மகள். "நான் சிரிச்சேன்."

அவர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.