நூற்றுப் பதினேழு

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. கடையின் கம்ப்யூட்டருக்குப் பதின்மூன்று வயது. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அதைவிட என் வாயை நினைத்தால்தான் குமட்டல் ஜாஸ்தி.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாள், கடையில் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு திங்களன்று செங்கம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், தன் கொல்லை நிலத்துக்குப் பட்டா கேட்டு மனு எழுத வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சர்வே நம்பரை மனப்பாடமாகச் சொன்னார்.

"நூத்திப் பதினேழும்மா."

அடித்தேன், திரையில் சரிபார்த்தேன், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தாளைப் பார்க்கவில்லை. என் விரல் தப்புப் பண்ணாது என்று அவ்வளவு திமிர்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். மனு தள்ளுபடி. தாளில் இருந்தது நூற்றுப் பதிமூன்று, வேறு யாருடைய நிலமோ.

"பதினேழுன்னுதானம்மா சொன்னேன்?"

"பதிமூணுன்னுதான் சொன்னீங்க. உங்க ஞாபகத்துல கோளாறு வெச்சிக்கினு என்னைச் சொல்லாதீங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரித்தவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருக்கும்மா. வயசாயிடுச்சில்ல," என்று சொல்லிவிட்டு, மனு எழுதாமலே போய்விட்டார்.

அதே வாரம் கடைக்கு ஒரு நோட்டீஸ் அடித்தேன். என் போன் நம்பரில் திரையில் ஏழு, தாளில் மூன்று. மறுபடி எடுத்தால் ஏழு. அதற்கடுத்தது மூன்று. மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "ரேம் போயிருக்கும், கழட்டிப் பாருங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். கரப்பான் முட்டை, பல்லி எச்சம், ஃபேன் முழுக்கப் பிசுக்கு. நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மெஷின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வது ரேம் அட்டையில்தானாம். உள்ளே இரண்டு இருந்தன. ரப்பரால் தேய்த்து மாட்டினேன், மறுபடியும் மூன்று. ஒன்றைக் கழற்றினேன். அதன்பிறகு ஒரு கட்டுத் தாள் அடித்தும் ஏழு ஏழாகவே வந்தது.

ஞாபகக் கோளாறு இதற்கு. வசவு அவருக்கு. சீ, என்ன பிறவி நான்!

அடுத்த திங்கள் பெரியவர் மறுபடி மனு எழுத மகளோடு வந்தார். கழற்றி வைத்திருந்த அட்டையை எடுத்து நீட்டினேன்.

"தப்பு உங்க மேல இல்ல பெரியவரே. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. இதுதான் ஏழை மூணாக்கிடுச்சு. நான் பேசினது தப்பு."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "மனசுக்கு ஆறுதலாச் சொல்ற. மெஷின் எப்பிடிம்மா தப்புப் பண்ணும்?"

சர்வே நம்பரைக் கேட்டேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். மகள்தான் சொன்னாள், "நூத்திப் பதினேழுக்கா."

பெரியவர் அவள் தோளைத் தொட்டார்.

"நல்லாத் தெரியுமா? பதிமூணு இல்லியே?"