நாற்பத்துமூன்றாம் நிறுத்தத்தில் ஆறு நிமிடம்

நகராட்சியின் குப்பைப் பிரிவில் கணக்குப் பார்க்கும் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தசமப்புள்ளி. டீ குடிக்க வருகிறீர்களா என்று கேட்டால்கூட, தொண்ணூறு புள்ளி ஐந்து சதவீதம் வருவேன் என்கிற ஆசாமி. பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். குப்பை விஷயத்தில் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு. ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஒருநாள்கூட வீட்டுக் குப்பையைக் கீழே கொண்டுபோனதில்லை என்பது வேறு விஷயம். அது தானே நடந்து போய்விடும் என்று நினைத்திருந்தாரோ என்னவோ.

அந்த வருஷம் பன்னிரண்டாம் தடத்தில் நகராட்சி வண்டியே ஓடட்டுமா, தனியார் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடலாமா என்று ஒப்பிட்டுச் சொல்லும் வேலை அவர் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, இவரே தலையை நீட்டி வாங்கிக்கொண்டார். வண்டியில் பொருத்திய கருவி, எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நின்றது என்று தாள்தாளாகக் கொடுத்தது. நிறுத்தங்களுக்கு எண் மட்டும்தான், தெருப் பெயர் கிடையாது. மூன்று வாரம் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டி, ஒரு டன் குப்பைக்கு நகராட்சி வண்டி நான்கு புள்ளி ஒன்று இரண்டு சதவீதம் கூடுதலாகச் செலவழிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதிலும் நாற்பத்துமூன்றாம் நிறுத்தத்தில் தினமும் காலை ஆறே முக்காலுக்கு வண்டி ஆறு நிமிடம் சும்மா நின்றது. மூன்று பேர், வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாள். தொண்ணூற்று மூன்று புள்ளி ஆறு மணி நேரம் பாழ். சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘ஊழியர்களின் மெத்தனம்’ என்று எழுதினார். எழுதிய கையோடு தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

விளக்கம் கேட்டு வண்டி ஓட்டும் அம்மாவுக்குக் கடிதம் போயிற்று. வெள்ளிக்கிழமை ஆணையர் முன் கூட்டம். அந்த அம்மாவும் வண்டியோடு போகும் இரண்டு ஆட்களும் தற்காலிகப் பணியாளர்கள். தடம் போனால் மூவருக்கும் வேலை போகும்.

புதன்கிழமை மத்தியானம் அந்த அம்மா கடிதத்தோடு நேரே இவர் மேசைக்கு வந்து நின்றார்.

“சார், இதுக்கு என்ன பதில் எழுதுறதுன்னு உங்களையே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்று தசமப்புள்ளி மிடுக்காகச் சொன்னார்.

“எழுதிருவேன் சார். உங்க வீட்டைப் பத்தி எழுதணுமேன்னுதான் யோசிச்சேன்.”

பிறகு அந்த அம்மா சொன்னதையெல்லாம் தசமப்புள்ளி பேனாவை மூடக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தசமப்புள்ளியின் தாயார் இடுப்பெலும்பு முறிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார். டயப்பர்களும் பஞ்சும் சேர்ந்து தினம் ஒரு கனத்த பை. ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பும் மனைவி, ஒருநாள் அந்தப் பையோடு மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். அதிலிருந்து பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். வண்டி ஆள் ஒருவர் மூன்று மாடி ஏறி எடுத்து வருகிறார். ஏறி இறங்க ஆறு நிமிடம். இப்படிப் படுக்கையில் ஆள் இருக்கும் வீடுகள் அந்தத் தடத்தில் பதினொன்று.

“நீங்க அப்போ குளிச்சிட்டிருப்பீங்க சார். பாட்டுச் சத்தம் கேக்கும்னு எங்க ஆளு சொல்வாரு. நல்லாப் பாடுவீங்களாம்.”

தசமப்புள்ளிக்குக் காது மடல் வரை சூடேறியது. எந்தப் புள்ளிக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

வீட்டுக்குப் போய், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மனைவியிடம் எகிறிப் பார்த்தார். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை.

“மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் ‘ம்’னு சொன்னீங்க.”

மறுநாள் ஒப்பந்தக்காரர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, உங்கள் ஆட்கள் மாடி ஏறுவார்களா என்று கேட்டார். ஹாரன் அடிப்போம், பத்து விநாடி நிற்போம், கீழே கொண்டுவர வேண்டியது வீட்டுக்காரர் பாடு, மேலே ஏறினால் தனிக் கட்டணம் என்றார்கள். இரண்டு வண்டியும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒப்பிட்டிருக்கிறார் மனுஷர். பதினொரு வீட்டுக்கான கட்டணத்தைச் சேர்த்ததும், ஒப்பந்தக்காரர்தான் கொஞ்சம் கூடுதல் என்று வந்தது. கொஞ்சமென்றால் பூஜ்யம் புள்ளி மூன்று சதவீதம்.

கூட்டத்தில் புதுத் தாளை நைசாக நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் திட்டம். ஆணையர் விடவில்லை. போன வாரம் மெத்தனம், இந்த வாரம் சேவையா, அது யார் வீடு என்று கேட்டார். ‘ஒரு பயனாளியின் இல்லம்’ என்று சொல்ல வாயெடுத்தார் தசமப்புள்ளி. கதவோரம் அந்த அம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“என் வீடு சார். பை எங்க அம்மாவோடது. அதை எடுத்துட்டு வந்திருக்க வேண்டியவன் நான்.”

அறையே சிரித்தது. ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆறு மாதம் தடம் நகராட்சி வண்டியிடமே இருக்கட்டும், மாதாமாதம் நிமிடக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார். நாற்பத்துமூன்றில் இனி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது, பையை நானே கொண்டுவருவேன் என்று தசமப்புள்ளி எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஆறே முக்கால். ஈரத்தலையும் தோளில் துண்டுமாகப் பையைத் தூக்கினார். இரண்டாவது மாடியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. முதல் மாடியில் பையை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். தன் அம்மாவின் ஒரு நாள் இவ்வளவு கனமா என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது, கண்ணும் கலங்கியது. கீழே வண்டி காத்துக்கொண்டு நின்றது. அந்த அம்மா ஹாரன் அடிக்கவில்லை.

மத்தியானம் தாள் மேசைக்கு வந்தது. நாற்பத்துமூன்றாம் நிறுத்தம்: ஒன்பது புள்ளி இரண்டு ஐந்து நிமிடம். தசமப்புள்ளி சிவப்புப் பேனாவைத் திறந்து வட்டம் போட்டார். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.