துருவக் கடலுக்கு எங்கள் வீட்டு முகவரி

கர்ப்பிணியின் கையில் தந்தி கொடுக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. என் அம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் அதற்கு மேல் சாஸ்திரம் கிடையாது. எண்பதுகளின் நடுவில்கூட திருவண்ணாமலையில் தந்தி என்றால் சாவுச் செய்திதான். காக்கி உடுப்புப் போட்ட தந்திக்காரரின் சைக்கிள் தெருவுக்குள் திரும்பினாலே, பிரித்துப் படிப்பதற்கு முன்பே யாராவது ஒப்பாரியை ஆரம்பித்துவிடுவார்கள். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து நான் தாய்வீடு வந்த சில நாட்களில் என் பெயருக்கு ஒரு தந்தி வந்தது. அம்மா வாசலிலேயே மடக்கி, "புள்ளத்தாச்சி இருக்கிற வீடுங்க. பிரசவம் ஆவட்டும், அப்பறம் குடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அடுத்து வந்ததற்கும் அதே கதிதான்.

இரண்டிலும் யாரும் சாகவில்லை. இரண்டும் தென்துருவக் கடலைப் பற்றியவை.

நான் கடலை ஆராய்கிறவள். ஒரு கடற்கரை நகரத்தில் அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மலையடிவாரத்தில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று ஊரில் கேட்டார்கள். பொம்பளைக்குக் கடலில் என்ன வேலை என்று நிலையத்தில் கேட்டார்கள். கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், நான் வேலையைப் பார்த்தேன்.

வேலை இதுதான். தென்துருவத்தில் கடல் உறையும்போது உப்பைக் கீழே தள்ளிவிடுகிறது. அந்தக் குளிர்ந்த, கனத்த நீர் அடியில் இறங்கி, ஊர்ந்து ஊர்ந்து நம் பக்கத்துக் கடல்கள் வரைக்கும் வருகிறது. எவ்வளவு வருகிறது என்று ஒரு நாட்டின் கப்பல் தனியாகப் போய்க் கண்டுபிடிக்க முடியாது. பல நாட்டுக் கப்பல்கள் ஒரே கோடையில், ஒரே ஆழங்களில், ஒரே அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். அளந்ததை ஒருவருக்கொருவர் காட்டவும் வேண்டும். அளப்பதற்கு எல்லோரும் தயார். காட்டுவதற்குத்தான் ஆளில்லை. அடுத்தவன் முதலில் காட்டட்டும் என்று ஆளாளுக்கு எண்களை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். நார்வேக்காரர் ஒருவரையும் ஜப்பான்காரர் ஒருவரையும் கடிதம் மேல் கடிதம் எழுதிச் சம்மதிக்க வைத்து, சென்னையில் ஒரு கூட்டத்துக்கு வரச் செய்திருந்தேன். ஒருங்கிணைப்பாளர் நான்.

கடைத்தெருவில் தந்திக்காரர் எதிர்ப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. "உங்களுக்கு வந்த தந்தி ரெண்டு ஆபீஸ்லயே கெடக்குதுங்க. உங்கம்மாதான் இப்ப வாணாம்னாங்க" என்றார். அப்படியே தபால் நிலையத்துக்கு நடந்தேன். இரண்டையும் நான் கொடுத்திருந்த தாய்வீட்டு விலாசத்துக்கு நார்வேக்காரர்தான் அனுப்பியிருந்தார். முதலாவதில், கூட்டத்துக்கு நான் வருவது உறுதிதானா என்று கேட்டிருந்தார். இரண்டாவதில், குடும்பக் காரணங்களால் நான் விலகிவிட்டதாக என் மேலதிகாரி தெரிவித்திருப்பதாகவும், அதற்கு வருந்துவதாகவும் இருந்தது.

விலகிவிட்டேனாம். எனக்கே தெரியாமல்!

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். "நல்ல சேதின்னா கடுதாசியில வரும்டீ. அவசரமா ஓடி வர்றது எது நல்லதா இருந்திருக்கு?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள், பிறகு அழுதாள். அவள் பயத்தில் செய்தாள். என் மேலதிகாரிக்கு என்ன பயம்? என் பதில் வராமல் நார்வேக்காரர் அவரைக் கேட்டிருக்கிறார், அதையே சாக்காக வைத்து என் நாற்காலியைக் காலி செய்துவிட்டார். அம்மாவை அன்றைக்கே மன்னித்தேன். அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மறுநாள் தபால் நிலைய பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலதிகாரிக்குப் பதிவு செய்த டிரங்க் கால் கிடைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். லைன் கிடைத்ததும், "இந்த நெலமையில எதுக்கும்மா டென்ஷன்? நம்ம தம்பி பாத்துப்பாரு" என்றார் மேலதிகாரி. தம்பி என்றது எனக்குப் பின்னால் வேலையில் சேர்ந்த இளைஞனை.

"நான் விலகறேன்னு எப்ப சார் சொன்னேன்?"

"சொல்லணுமா? பாத்தாலே தெரியுதே."

"கப்பல்ல போறவங்க பொண்டாட்டி புள்ளைங்கள உட்டுட்டு மாசக்கணக்குல போறாங்க. அவங்கள யாரும் விலகிட்டாங்கன்னு எழுதல. வீட்டுல உக்காந்துட்டு இருக்கிற என்னை மட்டும் எப்படி சார் எழுதினீங்க?"

"சரி, மெட்ராஸ் வரைக்கும் பஸ்ல வர முடியுமா உன்னால?"

"முடியாது. டாக்டரம்மா வாணாம்னுட்டாங்க. அவங்க இங்க வரட்டும்."

அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து லைன் போய்விட்டது. எழுந்து கவுன்டருக்குப் போய் நார்வேக்கும் ஜப்பானுக்கும் தந்தி எழுதிக் கொடுத்தேன். நான் விலகவில்லை, கூட்டம் திருவண்ணாமலையில், வாருங்கள். குமாஸ்தா படித்துப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு கேஸுங்களா?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

வருவதாக இருவரும் பதில் அனுப்பினார்கள். விருந்தாளிகள் வரும்போது மேலதிகாரி வராமல் இருக்க முடியுமா? குறித்த நாளில் அவரும் அந்த இளைஞனும் ஜீப்பில் வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த வெளிநாட்டுக்காரர்களைத்தான் காணவில்லை. "இதுக்குத்தான் மெட்ராஸ்லயே வெக்கலாம்னேன்" என்று அவர் ஆரம்பித்தார். வெகுநேரம் கழித்துக் குதிரை வண்டி ஒன்று வாசலில் நின்றது. வண்டிக்காரர் நேராக அவர்களை ஆசிரமத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார். "வெள்ளைக்காரங்க நம்ம ஊர்ல வேற எங்கம்மா போவாங்க?" என்று என்னிடமே கேட்டார். அங்கே எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, இவர்களும் உட்கார்ந்துவிட்டார்களாம். கூட்டம் தொடங்குவதற்கு முன் இப்படி மௌனமாக இருப்பது இந்த ஊர் முறை என்று நினைத்தார்களாம். என்னைக் காணாமல் விலாசத்தைக் காட்டிய பிறகுதான் வண்டி இங்கே திரும்பியது.

சாப்பாட்டுக்குப் பிறகு பாயில் வரைபடத்தை விரித்தோம். எந்தத் தீர்க்கரேகை, எந்த ஆழம் என்பதெல்லாம் சுலபமாக முடிந்தது. எண்களை யார் முதலில் காட்டுவது என்று வந்ததும் ஜப்பான்காரர் கூரையைப் பார்த்தார், நார்வேக்காரர் தன் ஷூ இல்லாத காலைப் பார்த்தார். நாங்கள் முதலில் தருகிறோம் என்றேன். மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து தமிழில் சீறினார். "நம்மது வாடகைக் கப்பல். அதுல அளந்தத முதல்ல தூக்கிக் குடுத்தா இளிச்சவாயன்னு நெனைப்பாங்க."

"எங்க தெருவுல பக்கத்து வீட்டுலேர்ந்து கொழம்பு வந்தா கிண்ணத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டாங்க சார். ஒண்ணும் இல்லன்னா ஒரு புடி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்பாங்க. ஆனா மொதல்ல யாராவது ஒருத்தர் கொழம்பு குடுக்கணும்."

"இது சமையக்கட்டு இல்லம்மா, சயின்ஸ்."

"சமையக்கட்டுல நடக்குது சார். உங்க இழுப்பறையிலதான் நடக்கல."

அதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை. அலமாரியைத் திறந்து, போன கோடையில் எங்கள் ஆட்கள் அளந்துவந்த எண்களின் பிரதிகளை எடுத்தேன். ராத்திரி பகலாக உட்கார்ந்து சரிபார்த்தவள் நான், அதனால் பிரதிகள் என்னிடம் இருந்தன. வெளியிட அனுமதி வந்தும் அவர் பூட்டி வைத்திருந்தவை. ஆளுக்கு ஒரு கட்டாக வெளிநாட்டுக்காரர்களின் மடியில் வைத்தேன். வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். குழந்தையும் அந்த நேரம் பார்த்து ஓர் உதை விட்டது.

நார்வேக்காரர் பக்கங்களைப் புரட்டினார், ஓர் இடத்தில் நிறுத்தி விரலால் தடவினார், பிறகு குனிந்து தன் தோல்பையைத் திறந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். ஜப்பான்காரர் தன் மேலிடத்தைக் கேட்காமல் எண்களைத் தர முடியாது என்று தலை குனிந்து சொன்னார். ஆனால் எல்லாக் கப்பல்களும் ஒத்துப் பார்க்கத் தங்கள் நிலையத்தில் உப்பின் அளவைத் துல்லியமாகக் கணக்கிட்டு அடைத்த அளவுநீர்ப் புட்டிகளை அனுப்புவதாகவும், அனுமதி வந்த வாரமே எண்களும் வரும் என்றும் சொன்னார். அம்மா எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏதோ பாகப்பிரிவினை என்று நினைத்தோ என்னவோ, கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

பேசியதைக் கையாலேயே ஒரு தாளில் எழுதினோம். ஒருங்கிணைப்பாளர் என்ற இடம் வந்ததும் மேலதிகாரி தாளை இளைஞன் பக்கம் தள்ளினார். அவன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நான் எட்டித் தாளை இழுத்துக்கொண்டேன். என் பெயரை எழுதினேன். எண்கள் வந்து சேர வேண்டிய முகவரியாக எங்கள் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையும் திருவண்ணாமலையையும் எழுதினேன்.

"இது உங்க அம்மா வீட்டு அட்ரஸ்" என்றார் அவர்.

"ஆமா சார். கொழந்த பொறந்து நான் கெளம்பற வரைக்கும் ஆபீஸ் இங்கதான்."

"இதெல்லாம் நடக்கிற காரியமா? நான் கையெழுத்துப் போடணுமா, வாணாமா?"

"உங்க இஷ்டம் சார். நாங்க போட்டுடறோம்."

போட்டேன். நார்வேக்காரர் போட்டார். ஜப்பான்காரர் நிதானமாகத் தன் எழுத்திலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு முறை போட்டார். தாள் மேலதிகாரியிடம் போனது. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கதவோரத்தில் நின்ற அம்மா உட்பட. என் பெயருக்கு மேலே இடமிருக்கிறதா என்று தேடினார், இல்லை. கடைசியில், எல்லோருக்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில் அவரும் போட்டார்.