வெயிலில் போடக் கூடாத சாக்ஸ்

எந்த வீட்டுக் கொடியிலாவது சாக்ஸ் தொங்குவதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. "அதையெல்லாம் இன்னுமா நெனச்சிக்கிட்டு இருக்க?" என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்கென்ன, அவள் வீட்டில் மெஷின் துவைக்கிறது. அவளுடைய அப்பாவின் சாக்ஸை என் கையால் நாலு வருஷம் துவைத்தவள் நான். நினைக்கத்தான் செய்வேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணமாயிற்று. வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்தில் பாங்க் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை ரயிலில் போனால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். நடுவில் ஐந்து ராத்திரி அங்கே ஒரு லாட்ஜில் வாசம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமனாரோடு இருந்தேன். அவருக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கும். சொந்த வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

பாங்க்கில் புதிதாக வந்த மானேஜர், குமாஸ்தாக்களும் ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத் திட்டாத வாரம் கிடையாது. சனிக்கிழமைதோறும் காக்கிப் பையில் ஐந்து ஜோடி சாக்ஸ் அழுக்காக வந்து இறங்கும். ஆறாவது ஜோடி காலில் இருக்கும். பையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு, ஏதோ பெரிய சீர் கொண்டுவந்தவர் மாதிரி உள்ளே போவார். அந்த நாற்றம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் என் மூக்கை விட்டுப் போகாது.

முதல் வருஷம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாத் துணியையும் போலச் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கல்லில் அடித்தேன். அவருடைய சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த நைலான் சாக்ஸில் ஒரு ஜோடி சுருங்கி, குழந்தைக் காலுக்குக்கூட ஆகாமல் போய்விட்டது. அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மிச்சமிருந்த இரண்டு ஜோடி நைலானையும் சிதம்பரத்துக்கே எடுத்துப் போய்விட்டார். அங்கே லாண்டரியில் போட்டுக்கொள்கிறாராம். பருத்தி சாக்ஸ் மட்டும் எனக்கு.

அதோடு விட்டாரா? மூன்றாவது வாரம் சட்டதிட்டங்களோடு வந்தார். சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித்தான் துவைக்க வேண்டும். கல்லில் அடிக்கக் கூடாது. சோடா கூடாது, பூந்திக்கொட்டை நுரையில் அரைமணி நேரம் ஊற வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அமுக்க வேண்டும். எங்கள் கிணற்றில் உப்புத் தண்ணீர், அதில் அலசினால் நூல் விறைத்துப்போகுமாம். ஆகையால் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீரில் ஒரு குடம் சாக்ஸுக்கு. வெயிலில் போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும், நிழலில் நுனிவிரல் பக்கத்தைக் கொடியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். காய்ந்த பிறகு பந்து மாதிரி சுருட்டக் கூடாது, வாய் இளகிவிடும். ஜோடியை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, காய்ந்த வேப்பிலை போட்ட பிஸ்கட் டின்னில் அடுக்க வேண்டும். இத்தனையும் ஒப்பிப்பது போலச் சொன்னார். ஒரு டம்ளரைக்கூடக் கழுவி வைத்தறியாத மனிதருக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஏதோ பத்திரிகையில் படித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாலாவது வருஷம், கடலூரிலேயே இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். இரண்டு வருஷம் படித்தால் டீச்சர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே ஆசை அது. கணவரின் சம்மதக் கையெழுத்தோடு விண்ணப்பப் பாரத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரத்தை அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பாவ யாரு பாத்துக்கறது?" என்றார்.

"சமைச்சி வச்சிட்டுத்தான் போவேன். மத்தியானம் ஓடியாந்து சோறு போட்டுட்டுப் போறேன். மாமா சரின்னுட்டாங்க."

மாமனார் கட்டிலிலிருந்தபடியே, "நான் சரின்னுட்டன்டா" என்றார்.

இவருக்கு வேறு காரணம் தேட வேண்டியதாயிற்று. "சரி, என் துணிமணி? சாக்ஸெல்லாம் பொறுமையா தோய்க்கணும். நீ படிப்புன்னு பறந்துகிட்டு இருந்தா பழையபடி பாழாக்கிடுவ."

"நீங்களே அங்க தோய்ச்சுக்கக் கூடாதா?"

"நானா?" என்று சிரித்தார். "எனக்குத் தோய்க்கத் தெரியுமா? லாட்ஜில குளிக்கவே தண்ணி கெடயாது. பாப்போம், அடுத்த வாரம் யோசிச்சிச் சொல்றேன்."

அடுத்த வாரம் என்றால் சனிக்கிழமை. கெடு வெள்ளிக்கிழமை. தெரிந்தேதான் சொன்னார். திங்கட்கிழமை விடியற்காலை, துவைத்து அடுக்கிய ஐந்து ஜோடியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாரம் காலண்டருக்கு அடியில் வெறுமையாகத் தொங்கியது. இரண்டு நாள் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தேன்.

புதன்கிழமை காலை மாமனாருக்கு இட்லியும் கஞ்சியும் எடுத்து வைத்துவிட்டு, பாரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, திருப்பாதிரிப்புலியூரில் முதல் பாசஞ்சரைப் பிடித்தேன். பரங்கிப்பேட்டை தாண்டும்வரை அவரிடம் எப்படிக் கெஞ்சுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். காலில் விழுந்தாவது கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

லாட்ஜ் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. மேஜையில் இருந்தவர், நான் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாரு மொட்ட மாடில இருக்காரு" என்றார். படியேறிப் போனேன்.

மாடி நிறைய தண்ணீர். ஒரு தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டோடு, பக்கெட் முன்னால் குந்தியிருந்தார். கையில் நைலான் சாக்ஸ். அதை உள்பக்கமாகத் திருப்பி, பூந்திக்கொட்டை நுரையில் குதிகால் பகுதியை இரண்டு கட்டைவிரலாலும் பூப்போலத் தேய்த்தார். ஒரு பழந்துணிக்குள் வைத்துச் சுருட்டி அமுக்கினார். தண்ணீர்த் தொட்டி நிழலில் கட்டியிருந்த கொடியில் நுனிவிரலைப் பிடித்து மாட்டினார். கொடியில் ஏற்கெனவே ஏழெட்டு தொங்கின. என்னைவிட நன்றாகத் துவைத்தார். அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்ற இளைஞர் என்னைப் பார்த்து, "யாருங்க?" என்றார். அவர் இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த அறைக்காரர், ஊர் காடாம்புலியூர்ப் பக்கம். நான் யாரென்று சொன்னதும் வாயெல்லாம் நுரையோடு சிரித்தார். "வாங்கண்ணி! அண்ணன் கை பட்டா சாக்ஸு ரெண்டு வருசம் ஒழைக்கும். என்னோடதயும் சேத்து அவுருதான் தோய்ச்சுப் போடுவாரு. வேணாம்னாலும் கேக்க மாட்டாரு."

அங்கே ஒரு பெண்ணைப் பார்த்திருந்தால்கூட எனக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது. யாரோ ஒருவனுடைய சாக்ஸை வேண்டி விரும்பித் துவைக்கிறார். நான் மூன்று வருஷம் குழாயடியில் குடத்தோடு நின்றிருக்கிறேன். கெஞ்ச வந்த வார்த்தையெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"லாண்டரி இதுதானா?" என்றேன்.

எழுந்து நின்றார். "நீ எங்க இங்க? அப்பாவுக்கு ஒடம்பு..."

"மாமா நல்லாத்தான் இருக்காங்க. தோய்க்கத் தெரியாதுன்னீங்க. தண்ணி கெடயாதுன்னீங்க."

"மெதுவா பேசு. இங்க நெலம வேற, வீடு வேற."

"என்னா வேற? மஞ்சக்குப்பத்துல தண்ணி நனைக்காதா?"

பாரத்தைக் கைப்பிடிச் சுவரில் விரித்தேன். காற்றில் பறக்காமல் அந்த இளைஞர் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். இவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கையெல்லாம் ஈரமா இருக்கு" என்றார்.

"தோள்ல துண்டு இருக்கு. தொடைங்க."

துடைத்தார். அறைக்காரர் ஓடிப்போய்ப் பேனா கொண்டுவந்தார். கையெழுத்து விழுந்தது. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன். அன்று சாயங்காலமே பாரத்தைக் கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை வழக்கம்போல வந்தார். வழக்கம்போலக் காக்கிப் பையைக் கிணற்றடியில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்துக் கதவை உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு துவைத்தார். நல்ல தண்ணீர்க் குடத்தையும் அவரே தூக்கிப் போனார். துவைத்ததைத் தோட்டத்தில்கூட உலர்த்தவில்லை. அரிசி மூட்டை வைக்கிற இருட்டு உள்ளறையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். சிதம்பரத்தில் நாலு வீதிக்கும் தெரிகிற மாடியில் துவைத்தவருக்கு இங்கே தெரு பார்த்துவிடுமோ என்று பயம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு ஜோடியையும் உருவி எடுத்து, வாசலுக்குக் கொண்டுபோய், தெருப் பார்த்த வேலி மூங்கிலில் வரிசையாக மாட்டினேன். ஒன்பது மணி வெயில் சுள்ளென்று விழுந்தது. பின்னாலேயே ஓடிவந்தவர் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"உள்ள எடுத்துட்டு வா. வெயில்ல எலாஸ்டிக் போயிடும்."

"போவட்டும்."

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த எதிர்வீட்டு அம்மா நின்று பார்த்தாள். "என்னாம்மா, இன்னிக்கி இவ்ளோ பளிச்சுனு தோய்ச்சிருக்க?"

"நான் இல்லக்கா. அவுரு தோய்ச்சது."

உள்ளே கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அவளுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது, அங்கேயே நின்றாள். நான் இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னொரு தடவை சொன்னேன்.