நாலு நாள் லீவும் ஒரு பொய்யும்

எனக்கு வாய்க் காவல் இல்லை. அந்தக் கோடையில் நடந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். பாண் பக்டரியில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் விழுந்திருந்த களைப்பில், மச்சாளின் ரெலிபோனுக்கு, "ஓம், ஆகஸ்ட் லோங் வீக்கெண்டுக்குப் பென்சில்வேனியாப் பக்கம் போறம்" என்று சொல்லிவிட்டேன்.

"பென்சில்வேனியாவோ? உது நியூஜெர்சிக்குப் பக்கத்திலதானே!" என்றார் மச்சாள். அந்தக் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்டதுமே, சொன்னது பிழை என்று எனக்கு விளங்கிவிட்டது.

மச்சாள் என் கணவரின் அக்கா. நாங்கள் ஸ்காபரோவில் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அவர் இருந்தது அஜின்கோர்ட்டில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அவருக்குச் சொன்னால் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி. அவர் வீட்டு யன்னலோரத்தில் சாடியில் ஒரு வேப்பங்கன்று நின்றது. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்த விதை. ஐந்து குளிர்காலம் அதற்கு லைற் போட்டு, கம்பளி சுற்றி வளர்த்திருந்தார். ஒரு இலையைத் தொட்டுப் பார்க்கவும் விடமாட்டார், கையைத் தட்டிவிடுவார். "அது பிள்ளையப்பா, செடியில்லை" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்தப் பயணம் எங்கள் மகளுடையது. அவளுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூட லைப்ரரியிலிருந்து ஆமிஷ் மக்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தாள். வீட்டில் கரண்டும் வேண்டாம், காரும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிற சனம். கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"கரண்ட் இல்லாத சனத்தைப் பாக்க எட்டு ஒம்பது மணித்தியாலம் கார் ஓடோணுமோ? ஊரில சண்டை நேரம் நாங்களும் கரண்ட் இல்லாமத்தான் இருந்தனாங்கள், எங்களை யாரும் வந்து பாக்கேல்லையே!"

மகள் சிரிக்கவில்லை. "அப்பா, அங்கை அப்பாமார் ஒவ்வொரு நாளும் வீட்டிலதான் சாப்பிடுவினம். இட்ஸ் லைக் எ ரூல்" என்றாள்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. அவர் பகலில் ஒரு பக்டரியிலும் பின்னேரத்தில் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியிலும் நின்றார். நான் விடிய முதலே வேலைக்குப் போய்விடுவேன். நானும் அவரும் கதைத்துக்கொண்டது பெரும்பாலும் பிறிட்ஜ் கதவில் ஒட்டிய துண்டுகளில்தான். 'கறி கீழ்த்தட்டில்.' 'பிள்ளைக்குப் பல்லு டொக்டர்.' ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பார், ஆனால் நித்திரையாக இருப்பார். மகள் அப்பாவைக் கண்திறந்த நிலையில் கண்டது குறைவு.

அடுத்த கிழமை இரண்டு இடத்திலும் கேட்டு, வெள்ளி முதல் திங்கள் வரை நாலு நாள் லீவு வாங்கி வந்தார். இரண்டு இடத்திலும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தார்களாம். இதைவிட்டால் இனி அடுத்த வருடம்தான். எனக்கு எந்த வரலாற்று இடமும் தேவைப்படவில்லை. அந்த நாலு நாளும் நாங்கள் மூன்று பேர் ஒரு இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகள் பெரிய மட்டையில் பென்சிலால் திட்டம் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வெள்ளி, கார் ஓட்டம். சனி முழுநாளும் ஆமிஷ். ஞாயிறு, பழைய யுத்தம் நடந்த வெளி. 'யுத்தத்தைப் பாக்க லீவு எடுத்துப் போற ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்' என்று கணவர் பிறிட்ஜில் எழுதி வைத்தார். திங்கள் காலையில் பிலடெல்பியாவில் அமெரிக்கச் சுதந்திர காலத்து வெடிப்பு விழுந்த மணி, பிறகு வீடு.

மச்சாளிடம் நான் வாயைத் திறந்தது இதற்குப் பிறகுதான். எங்கள் ஆட்களுக்கு அமெரிக்கா என்றால் அது ஒரு நாடல்ல, சொந்தக்காரரின் விலாசங்கள். முதலில் வறுத்திடித்த மிளகாய்த்தூள் பார்சல் வந்தது, நியூஜெர்சியில் இருக்கிற பெரியப்பா மகனுக்கு. பிறகு பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா. பிறகு அங்கே ஒரு பொடியனுக்குப் பொருத்தம் பார்க்க யாரோ ஒரு பெண்ணின் சாதகம். "தபாலில அனுப்பினா மரியாதையில்லை. கையில குடுத்து, பொடியனையும் ஒருக்கா வடிவாப் பாத்திட்டு வாங்கோ" என்றார் மச்சாள். பிறகு பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமையே அங்கே சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. "இவ்வளவு தூரம் வந்தும் எட்டிப் பாக்கேல்லையெண்டு சொல்லாதுகளோ?"

சொல்லும்தான். அதற்குப் பயந்துதான் எங்கள் பாதிச் சீவியம் போனது.

மகள் முதலில் ஞாயிறை அழித்தாள். பிறகு திங்களை அழித்தாள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் சொல்லாமல் அழிறப்பரை எடுத்துக்கொண்டு போவாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மச்சாள் கடைசியாக எடுத்தார். "எங்கட சின்னம்மாவும் சாமத்தியவீட்டுக்கு உங்களோட வரப்போறாவாம். காரில இடம் இருக்குத்தானே. சனிக்கிழமை மத்தியானத்துக்கு முதல் அங்க இறக்கிவிட்டாச் சரி. ஆமிசோ கீமிசோ, அதுகளைப் போற வழியில காருக்குள்ள இருந்தே பாக்கலாம்."

நான் "ம்" என்றேன். அந்த 'ம்'மை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்ச் சனிக்கிழமையை அழித்தாள். அழுத்தி அழித்ததில் மட்டை அந்த இடத்தில் கிழிந்தது. எனக்கு வந்த கோபத்தில் மிளகாய்த்தூள் பார்சலைத் தூக்கி ஒன்பதாம் மாடியிலிருந்து எறிந்திருப்பேன். எறியவில்லை. எறிந்திருந்தால் பாவமில்லை, நான் செய்ததுதான் பாவம்.

வியாழன் காலை மச்சாளை நானே கூப்பிட்டேன். "மச்சாள், பயணம் சரிவராது. பிள்ளைக்கு அம்மாள் வந்திட்டுது."

உடம்பெல்லாம் கொப்பளம் போடுகிற கொப்பளிப்பானைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அது வெறும் வருத்தமல்ல, அம்மன் வீட்டுக்கு வந்திருப்பது. அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள், அங்கிருந்து யாரும் வெளிக்கிடவும் மாட்டார்கள். மச்சம் மாமிசம் இல்லை, தாளிப்பு இல்லை. இறங்கின பிறகு வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். பார்சலும் சாதகமும் சின்னம்மாவும் தாண்டமுடியாத வேலி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"ஐயோ, என்ர குஞ்சு!" என்றார் மச்சாள். பிறகு, "வேப்பிலைக்கு என்ன செய்வாய்?" என்று கேட்டார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பிள்ளை நித்திரை கொள்ளவேணும், போன் எடுக்காதேங்கோ என்றும் சொல்லிவைத்தேன். எல்லாவற்றையும் நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. "உமக்கென்ன விசரோ? அம்மாளின்ர பேரில பொய் சொல்லுறதோ?"

"அப்ப நீங்களே அக்காவுக்கு மாட்டன் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றேன். அவர் காரைக் கழுவக் கீழே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை விடிய வெளிக்கிட்டோம். சனிக்கிழமை சோளத் தோட்டங்களுக்கு நடுவில், ஒரு மரத்தடியில் படங்கை விரித்து, பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கணவர் ஏதோ சொல்லத் தொடங்கி, பாதி வசனத்தில் நித்திரையாகிப் போனார். எழுப்பப் போன என் கையை மகள் பிடித்தாள். "லீவ் ஹிம், அம்மா." அவர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்து, ரோட்டில் போன குதிரை வண்டிகளை எண்ணினாள். முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவது வண்டியிலிருந்து ஒரு தாடிக்காரர் எங்களுக்குக் கையைக் காட்டினார். இரவு பொரித்த கோழி சாப்பிட்டோம். ஒரு வாய் வைக்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன். யுத்த வெளியையும் மணியையும் பார்த்தோம். அவற்றில் எதுவும் எனக்கு இப்போது ஞாபகமில்லை. திரும்பி வரும்போது மகள் காரின் பின்சீற்றிலிருந்து, "பத்துத் தரம்" என்றாள். என்னவென்று கேட்டேன். அப்பாவுடன் சேர்ந்து சாப்பிட்டதாம்.

திங்கள் பொழுதுபட்ட பிறகு லிப்டை விட்டு இறங்கினால், எங்கள் கதவடியில் ஒரு பை. உள்ளே இரண்டு செவ்விளநீர், மஞ்சள், ஈரத்துணியில் சுற்றிய வேப்பிலை. கொஞ்சநஞ்சமல்ல. குருத்து, முற்றல், காம்பு எல்லாம் ஒன்றாக. அந்த ஒற்றைச் சாடியில் இருந்த முழுவதும் அதுதான் என்று பார்த்ததும் தெரிந்தது. கூடவே மச்சாளின் கையெழுத்தில் ஒரு துண்டு: 'கதவைத் தட்டேல்லை. பிள்ளை எழும்பிடும். மாமி.'

கணவர் அதை வாசித்தார். பைகளை உள்ளே கொண்டுபோனார். நான் பானையில் தண்ணீர் சுடவைத்து, இலையையும் மஞ்சளையும் போட்டு, ஒரு வருத்தமும் இல்லாத பிள்ளையைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். "வொய், அம்மா? எனக்குத்தான் ஒண்டும் இல்லையே" என்றாள். "பேசாமல் நில்" என்று தலைக்கு வார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அது விளங்கியதோ தெரியாது.

பிறகு மச்சாளைக் கூப்பிட்டேன். "தண்ணி வாத்திட்டன், மச்சாள்."

"தழும்பு ஒண்டும் விழேல்லையே?"

"இல்லை."

"அது காணும், அப்பாடா" என்றார்.

தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது யன்னலோரத்தில் சாடி அதே இடத்தில் இருந்தது. நடுவில் ஒரு தடி மட்டும், ஒரு இலை இல்லை. அதற்கும் லைற் எரிந்துகொண்டிருந்தது. மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஓடிப்போய் மாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். "பாத்தியா, பிள்ளைக்கு இன்னும் உடம்பு தேறேல்லை" என்று என்னை ஏசிக்கொண்டே, மச்சாள் அவளை மடியில் இருத்திச் சோறு தீத்தினார்.